ஆறு கேன் கடல்

அண்ணனும் தம்பியும் பேச்சை நிறுத்தி எட்டு மாதம் ஆகியிருந்தது. ஒரே வீடு, மேலே அண்ணன், கீழே தம்பி. அண்ணனின் ஸ்கூட்டர் தெருமுனை திரும்பும் சத்தம் கேட்ட பிறகுதான் தம்பி தன் கதவைத் திறப்பான். தம்பி வீட்டில் ரேடியோ பாடினால் அண்ணன் மேலே ஜன்னலைச் சாத்துவார். எலியும் பூனையும்கூட ஒரே வீட்டில் இதைவிட மரியாதையாக இருக்கும்.

காரணம் என்று பார்த்தால் ஒரு ஃபிரிட்ஜ். அண்ணன் ஃபிரிட்ஜ் மெக்கானிக். கதவில் காதை வைத்தே கம்ப்ரஸரின் வியாதியைச் சொல்லிவிடுவார். ஒருநாள் தம்பியின் ஃபிரிட்ஜ் குளிர்ச்சி விட்டுப்போனது. "நாளைக்குப் பாக்கறேன்டா" என்றார். அந்த நாளை பன்னிரண்டு நாள் நீண்டது. பதின்மூன்றாம் நாள் தம்பி பக்கத்துத் தெரு மெக்கானிக்கைக் கூட்டி வந்துவிட்டான். அண்ணன் மாடியிலிருந்து பார்த்தபோது போட்டிக்காரனின் ஸ்கூட்டர் தன் வீட்டு வாசலிலேயே நின்றது. அன்றோடு சரி.

இடையில் மாட்டிக்கொண்டவள் அவள். மெக்கானிக்கின் மனைவி, கேப்டனின் அண்ணி. கேப்டன் என்பது தம்பிக்குத் தெரு வைத்த பட்டம். துறைமுகத்தில் கப்பல்களுக்கு வழிகாட்டப் போகும் படகில் கயிறு பிடிக்கிறவன்தான் அவன். "தண்ணித் தொட்டி ரொம்பி வழியுதுன்னு அவன்கிட்ட சொல்லு" என்பார் இவர். "கேட்டுச்சுன்னு சொல்லுங்க அண்ணி" என்பான் அவன், கீழேயிருந்து, இவர் காதில் விழும்படியே. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் அடி.

அவளுக்கும் தொழில் இருந்தது. கண்ணாடிக் கடையில் வெட்டுகிற வேலை, பதினாறு வருடமாக. கட்டரால் ஒரே கோடு, மேஜை விளிம்பில் ஒரே தட்டு. கண்ணாடி ரொட்டி மாதிரி பிட்டுக்கொண்டு வரும். பொருத்துகிற வேலைக்கும் அவளைத்தான் அனுப்புவார்கள். அப்படித்தான் அந்தப் பல் மருத்துவமனைக்குப் போனாள். டாக்டரம்மா இடத்தைக் காலி செய்கிறார். தடுப்புக் கண்ணாடிகளைக் கழற்ற வேண்டும்.

காத்திருக்கும் அறையில் சுவர் நீளத்துக்கு ஒரு கடல்நீர்த் தொட்டி. முக்கால்வாசி காலியாகிவிட்டிருந்தது. ஒரு மூலையில் இரண்டே இரண்டு மீன்கள், ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்டு, ஒன்று பெரிது, ஒன்று சிறிது. பெரியது கண்ணாடி அருகே வந்து அவளை மேலும் கீழும் பார்த்தது. மாமியார் முதல்முறை பார்த்த பார்வை அப்படித்தான் இருந்தது என்று அவளுக்குத் தோன்றியது.

"தொட்டியையும் மத்த மீனையும் ஹோட்டல்காரங்க வாங்கிட்டாங்க" என்றார் டாக்டரம்மா. "இது ரெண்டும் வேண்டாமாம்."

"ஏன், நோயா?"

"நோயெல்லாம் இல்லைம்மா. பெரிசு இருக்கே, அது பொம்பளை. தொட்டிக்குள்ள யார் கையை விட்டாலும் கடிக்கும். சின்னது அவ புருஷன். அவன் ஒண்ணும் பண்ண மாட்டான், அவ பின்னாடியே சுத்துவான்."

"அப்ப என்ன பண்ணுவீங்க?"

"தெரியலை. வளர்ப்பு மீன் விக்கற கடையில கொடுத்தா ஒரு வாரம் தாங்காது. நான் காலி பண்ண இன்னும் ரெண்டு மாசம் இருக்கு."

வாய் அவளைக் கேட்காமலே திறந்துகொண்டது. "நான் எடுத்துக்கறேன்."

சொன்ன பிறகுதான் பயம் வந்தது. அவளுக்கென்று இதுவரை எதையும் அவள் கேட்டதில்லை என்பதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. டாக்டரம்மா ஒரு காகிதத்தில் செய்ய வேண்டியதையெல்லாம் எழுதிக் கொடுத்தார். கூடவே பழைய ஃபில்டரின் ஸ்பாஞ்ச், உப்பு பார்க்கும் மீட்டர், தண்ணீரைச் சோதிக்கும் சொட்டு மருந்துப் பாட்டில். "இந்த ஸ்பாஞ்சைக் காய விட்டுடாதீங்க. அதுல கண்ணுக்குத் தெரியாத உசுருங்க இருக்கு. அழுக்கைத் தின்னு தண்ணியை வாழ வைக்கறது அதுங்கதான்."

வீட்டில் மெக்கானிக் காகிதத்தைத் தூரத்தில் பிடித்துப் படித்தார்.

"கடல் தண்ணியா? வீட்டுக்குள்ளயா? உனக்கு என்ன ஆச்சு?"

"நல்லாத்தான் இருக்கேன்."

"உப்புத் தண்ணி என்ன பண்ணும்னு என்னைக் கேளு. கடலோரத்து வீடுங்கள்ல நாலு வருஷம் ஒரு ஃபிரிட்ஜ் தாங்காது. கதவு, கீல் எல்லாம் அரிச்சுத் தின்னுடும். ஒரு வாளி நல்ல தண்ணியில தங்கமீன் வளர்த்துட்டுப் போயேன்."

"தங்கமீனை யாரும் வேண்டாம்னு சொல்லலைங்க. இதைத்தான் சொல்லிட்டாங்க."

"டாக்டரம்மா தொட்டியில கூலிங் மெஷின் இருந்திருக்கும். அது என்ன விலை தெரியுமா? நம்ம வீட்ல இருக்கற சாமானெல்லாம் சேர்த்தாலும் வராது."

"தெரியும். மெஷின் இல்லாம குளிர வைக்க முடியாதுன்னா விட்டுடலாம்." அவள் சட்டென்று எழுந்துகொண்டாள். "உங்களால முடியாத வேலையை நான் எதுக்குச் சொல்லணும்?"

சாப்பிடும்போது அவர் சோற்றைப் பிசைந்த கை பாதியில் நின்று நின்று போவதை அவள் பார்த்தாள். தூண்டில் விழுந்துவிட்டது.

தொட்டிக்குக் கண்ணாடி கடையிலேயே கிடைத்தது. ஒரு நகைக்கடையின் பழைய காட்சிப் பெட்டியிலிருந்து கழற்றிய கனத்த கண்ணாடி, பின்சுவரில் சாய்ந்து தூசு தின்றுகொண்டிருந்தது. மூலையில் கீறல், அதனால் யாரும் சீந்தவில்லை. கீறலைத் தள்ளி வெட்டினாள். இரண்டரை அடி நீளம், ஒன்றேகால் அடி அகலம், அதே உயரம். விளிம்புகளைத் தேய்த்து, ஸ்பிரிட்டில் துணி நனைத்துத் துடைத்து, சிலிக்கான் பசை வைத்து ஒட்டினாள். குளியலறைக்குப் போடும் பசையில் பூஞ்சை மருந்து கலந்திருக்கும், மீனுக்கு ஆகாது என்று காகிதத்தில் இருந்தது. அதனால் மருந்து கலக்காத பசையாகத் தேடி வாங்கினாள். ஒரு வாரம் காயவிட்டு, குழாய்த் தண்ணீர் ஊற்றி, அடியில் செய்தித்தாள் விரித்தாள். இரண்டு நாள் கழித்தும் தாள் மொறமொறவென்று இருந்தது. பதினாறு வருடத்தில் ஊரார் வீட்டுக்கெல்லாம் கண்ணாடி வெட்டியவள், தன் வீட்டுக்கு வெட்டிய முதல் கண்ணாடி அது.

கடல் தண்ணீருக்குக் கீழே போனாள். கேப்டன் முட்டை பொரித்துக்கொண்டிருந்தான்.

"தம்பி, உங்க படகு அலைத்தடுப்புக்கு வெளிய போகும்ல?"

"டெய்லி ரெண்டு நடை போகுதே, ஏன் அண்ணி?"

"அங்கேருந்து கடல் தண்ணி வேணும். ஆறு கேன்."

அவன் கரண்டியை நிறுத்தினான். விஷயத்தைச் சொன்னாள். கேட்கக் கேட்க அவன் முகம் மலர்ந்தது. அடுப்பில் முட்டை கருகியது.

"கரையோரத் தண்ணி ஆகவே ஆகாது அண்ணி. எண்ணெய், குப்பை, சாக்கடை. வெளிய போய், ஏத்தத்துல, கடல் ஏறி வர்ற நேரத்துல மொண்டாத்தான் சுத்தம். மழை பெஞ்ச மறுநாளும் ஆகாது. அதையெல்லாம் எங்கிட்ட விட்டுடுங்க."

"நீங்கதான் தம்பி தெய்வம் மாதிரி..."

"இருங்க, இருங்க. கேனைப் பாதிப் படி வரைக்கும்தான் கொண்டு வருவேன். அதுக்கு மேல ஏற மாட்டேன். அந்த மனுஷன் மூஞ்சியில முழிக்க எனக்கு இஷ்டமில்லை."

"ஒரு கேன் இருபது லிட்டர் தம்பி. நான் எப்படித் தூக்குவேன்?"

"அவருக்குக் கை இல்லையா?"

அப்படித்தான் நடந்தது. மூன்று நாள், நாளுக்கு இரண்டு கேன், மாடிப்படி திரும்புகிற இடத்தில் வந்து உட்கார்ந்திருக்கும். ஒவ்வொன்றின் மேலும் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். 'துணியில் வடிகட்டவும்.' 'வெயில் படக் கூடாது.' 'மூடியை இறுக்கவும், இது சர்பத் அல்ல.' மெக்கானிக் கீழே எட்டிப்பார்ப்பார், ஆள் இல்லையென்று உறுதி செய்துகொள்வார், முக்கி முனகித் தூக்கிவருவார்.

"எழுத்தைப் பாரு, கோழி கிளறின மாதிரி" என்பார். ஆனால் சீட்டில் இருந்தபடியே வடிகட்டினார்.

மணலும் துளைக் கற்களும் போட்டு, கடலை ஊற்றி, டாக்டரம்மாவின் ஸ்பாஞ்சைப் பொருத்தியதும் தொட்டி தயாராகிவிட்டது என்று மெக்கானிக் நினைத்தார். அவளோ ஒரு உரித்த இறாலைக் கொண்டுவந்து உள்ளே போட்டாள்.

"மீனே இல்லையே, யாருக்கு இது?"

"யாருக்கும் இல்லை. அழுகணும்."

"என்னது?"

"இது அழுகினா விஷம் வரும். அந்த விஷத்தைத் தின்ன ஸ்பாஞ்ச்ல இருக்கற உசுருங்க பெருகும். அதுங்க பெருகினப்புறம்தான் மீனை விடணும். இல்லைன்னா மீன் தன் கழிவுலயே செத்துப்போயிடும்."

"எத்தனை நாள்?"

"மூணு வாரம் ஆகலாம்."

முதல் வாரம் இறாலின் மணம் சமையலறைவரை வந்தது. சோதனைச் சொட்டு விட்டால் தண்ணீர் பச்சையாக மாறியது. பச்சை என்றால் விஷம். "மீன் வர்றதுக்குள்ள வாடை வந்து குடியேறிடுச்சு" என்றார் மெக்கானிக். ஆனால் மூக்கைப் பொத்திக்கொண்டே அவர் தொட்டியைச் சுற்றி வந்தார். பட்டறையிலிருந்து பழைய கம்ப்யூட்டர்களின் குட்டி விசிறிகள் நான்கு கொண்டுவந்து, தகரச் சட்டத்தில் மாட்டி, தண்ணீரின் மேல் காற்று படும்படி சாய்த்து வைத்தார். வெப்பமானியை ஒட்டிவிட்டு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். ஒரு மணி நேரத்தில் ஒரு டிகிரி இறங்கியது. மாலைக்குள் இன்னும் ஒன்றரை.

"வேர்வை மேல காத்து பட்டா ஜில்லுன்னு இருக்குல்ல, அதே சங்கதிதான்!" என்று கூவினார். "மெஷினாவது மண்ணாங்கட்டியாவது!"

"நீங்க பெரிய ஆளுதாங்க."

"சும்மாச் சொல்லாதே."

ஆனால் அன்று அவர் இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

விசிறி ஓடினால் தண்ணீர் குறையும். குறையக் குறைய அவர் மிச்சமிருந்த கேனிலிருந்து கடல் தண்ணீரையே ஊற்றி நிரப்பினார். நான்காம் நாள் கேப்டன் கீழேயிருந்து கேட்டான்: "அண்ணி, உப்பு மீட்டர் என்ன காட்டுது?"

முள், சரியான அளவு என்று போட்டிருந்த பச்சைக் கட்டத்தைத் தாண்டி மேலே நின்றது. அவள் சொன்னாள்.

"ஐயையோ! குறைஞ்சதுக்கு என்ன ஊத்தினீங்க?"

"கடல் தண்ணிதான்."

"ஆவியா போறது தண்ணி மட்டும்தான் அண்ணி, உப்பு அங்கேயேதான் கிடக்கும். மேல மேல உப்பு ஊத்தினா அது தொட்டி இல்லை, ஊறுகாய் ஜாடி. நல்ல தண்ணிதான் ஊத்தணும், வடிகட்டின குடிதண்ணி. இதுகூடத் தெரியாம மெக்கானிக்காம்!"

மேலே மெக்கானிக் பல்லைக் கடித்தார். "கயிறு கட்டறவனுக்கெல்லாம் எனக்குப் பாடம் எடுக்கத் தெரியுதுன்னு சொல்லு."

"நீங்களே சொல்லுங்களேன். கேட்டுட்டுத்தானே நிக்கறார்" என்றாள் அவள்.

அரை மணியில் மெக்கானிக் குடிதண்ணீரை அளந்து ஊற்றிக்கொண்டிருந்தார். மறுநாள் முள் பச்சைக் கட்டத்துக்குள் வந்தது. "சரியாயிடுச்சு" என்று மாடிப்படியைப் பார்த்துப் பொதுவாகச் சொன்னார். யாருக்குச் சொன்னார் என்று அவள் கேட்கவில்லை.

நான்காம் வாரக் கடைசியில் சொட்டு விட்ட தண்ணீர் மஞ்சளாகவே நின்றது. இரண்டு நாள் விடாமல் மஞ்சள், விஷம் துளியும் இல்லை. மீன்கள் வந்தன. பையை மிதக்கவிட்டு, மெல்லிய குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாகப் புதுத் தண்ணீர் பழக்கி, மதியம் முழுக்கக் காத்திருந்து உள்ளே விட்டாள். பெரியது தொட்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தது. பிறகு மூலையிலிருந்த கல்லின் இடுக்கைத் தேர்ந்தெடுத்து, வாலால் மணலை விசிறித் தள்ளி, வீடு பெருக்க ஆரம்பித்தது. சிறியது பின்னாலேயே போய் நின்றது. கல்லை நேராக்க உள்ளே விட்ட மெக்கானிக்கின் விரலில் நறுக்கென்று ஒரு கடி.

"கடிச்சுட்டாடி!" அவர் விரலைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார். அவர் அப்படி வாய்விட்டுச் சிரித்து எவ்வளவு காலமாயிற்று என்று அவள் நினைத்துப் பார்த்தாள். தம்பியோடு பேச்சு நின்ற நாளிலிருந்தே இருக்கும்.

கேப்டன் மட்டும் பார்க்கவில்லை. "எப்படி இருக்குதுங்க அண்ணி?" என்று தினமும் கீழேயிருந்து கேட்பான். "வந்து பாருங்க தம்பி" என்பாள். "பரவாயில்லை" என்பான்.

பத்து நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பது மணிக்குத் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் பட்டாசு மாதிரி வெடித்தது. கரண்ட் போயிற்று. சாயந்திரம்கூட ஆகலாம் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். பம்ப் நின்றது, விசிறிகள் நின்றன. பதினோரு மணிக்கு வெப்பமானி முப்பதைத் தொட்டது. இரண்டு மீன்களும் தண்ணீரின் மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

"காத்து பத்தலை" என்றாள். மெக்கானிக் ஒரு மக்கை எடுத்துத் தொட்டித் தண்ணீரை மொண்டு மொண்டு அதிலேயே ஊற்றினார். தண்ணீர் விழுகிற குமிழில் கொஞ்சம் காற்று சேரும். ஒரு மணி நேரம் ஊற்றினார். ஏற்கெனவே வலிக்கிற தோள், முகம் சுருங்கியது. அவள் வாங்கி ஊற்றினாள். மறுபடி அவர்.

"தம்பியைக் கூப்பிடவா?"

"வேண்டாம்."

சிறியது பக்கவாட்டில் சாய்ந்து நிமிர்ந்தது. பெரியது அதை மூக்கால் முட்டியது.

"கூப்பிடவான்னு கேட்டேன்."

அவர் பதில் பேசாமல் ஊற்றினார். பேசாததையே சம்மதமாக எடுத்துக்கொண்டு அவள் கீழே ஓடினாள்.

கேப்டன் பதினெட்டுப் படியையும் ஆறு தாவலில் ஏறினான். அண்ணனைப் பார்க்கவில்லை. தொட்டியைப் பார்த்தான். மக்கைப் பிடுங்கினான்.

"இப்படி ஓரமா ஊத்தினா காத்து எப்படி சேரும்? ஒசத்தி ஊத்தணும்னு சொல்லுங்க அண்ணி."

"ஒசத்தி ஊத்தினா மணல் கலங்கும்னு சொல்லு."

"ஒரு தட்டை மிதக்க விட்டு அது மேல ஊத்தலாம்னு சொல்லுங்க."

"தட்டு எடுத்துட்டு வரேன்" என்று அவள் சமையலறைக்குள் போனாள். தட்டு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. எடுக்கவில்லை. சுவரில் சாய்ந்து நின்றாள்.

கூடத்தில் மக்கின் சத்தம் மட்டும். மொள்ளுதல், ஊற்றுதல்.

மெக்கானிக் தொண்டையைக் கனைத்தார். "சூடு இறங்கணும். ஐஸ் பாட்டில் போட்டாத்தான் சரியா வரும்."

மக்கின் சத்தம் வேகமானது.

"எங்க ஃபிரிட்ஜுல ஐஸ் பிடிக்கறதில்லை. நாலு மாசமா பாக்கணும் பாக்கணும்னு..." நிறுத்தினார். பிறகு கேட்டார்: "உன் ஃபிரிட்ஜுல ஐஸ் இருக்கா?"

"இருக்கு."

"எவ்வளவு?"

"மூணு பாட்டில். கல்லு மாதிரி."

அந்தக் 'கல்லு மாதிரி'யில்தான் பற்றிக்கொண்டது.

"கல்லு மாதிரியா? அப்படி என்ன பண்ணிட்டான் அவன்?"

"என்னவோ பண்ணான். வந்தான், பண்ணான். பன்னெண்டு நாள் நாளைக்கு நாளைக்குன்னு சொல்லலை!"

"அந்தப் பன்னெண்டு நாளும் ஆஸ்பத்திரியில மருந்து வைக்கற ஃபிரிட்ஜுக்குள்ள தலையை விட்டுட்டு உக்காந்திருந்தேன்டா நான்! கேட்டியா நீ?"

"நீ சொன்னியா? 'நாளைக்கு'ன்னுதானே சொன்னே? இப்படின்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் அந்த ஆளைக் கூப்பிட்டிருப்பேனா? பாலெல்லாம் கெட்டு, மீனெல்லாம் நாறி, மூக்கைப் பொத்திட்டுத் தூங்கினேன் அண்ணே!"

அண்ணே என்று வந்துவிட்டது. இருவருக்கும் கேட்டது. யாரும் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"முதல்ல போய் ஐஸை எடுத்துட்டு வாடா" என்றார் மெக்கானிக். "மக்கை இப்படிக் கொடு."

அவன் ஓடிப்போய் வந்தான். மூடிய பாட்டில் ஒன்று தொட்டியில் மிதந்தது. வெப்பமானியைப் பார்த்துப் பார்த்து மெக்கானிக் பாட்டிலை எடுப்பதும் விடுவதுமாக இருந்தார். திடீரென்று குளிர்ந்தாலும் மீனுக்கு ஆகாது. அவள் அதற்குள் கொண்டுவந்து மிதக்கவிட்ட தட்டின் மேல் கேப்டன் ஊற்றினான். இரண்டு மணிக்குள் இருபத்தெட்டு. மீன்கள் மேற்பரப்பை விட்டு இறங்கின. பெரியது தன் இடுக்குக்குப் போய் மறுபடி மணலைப் பெருக்கியது. சிறியது பின்னால்.

சண்டை மட்டும் இறங்கவில்லை.

"கேஸ் எவ்வளவு அடிச்சான்?"

"எனக்கென்ன தெரியும்?"

"கூட அடிச்சிருப்பான். கம்ப்ரஸர் சீக்கிரம் போயிடும். நாளைக்கு நான் வந்து பாக்கறேன்."

"எந்த நாளைக்கு?"

"டேய்!"

"அந்தப் பாத்துக்கற லட்சணத்தை முதல்ல அண்ணி ஃபிரிட்ஜுல காட்டு! பாவம், கோடை பூரா ஜில்லுன்னு ஒரு வாய் தண்ணியில்லை."

"அதை நீ பேசாதே. நீ கேனை மேல தூக்கிட்டு வந்து கொடுத்தியா? என் தோளு என்ன ஆச்சு தெரியுமா?"

"உன்னை யாரு ஒரே நேரத்துல ரெண்டு தூக்கச் சொன்னா?"

"எட்டிப் பாத்தியா அப்போ?"

"கதவிடுக்குல தெரிஞ்சுது."

அவள் சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். மூன்று மணி வாக்கில் கூடத்துச் சீலிங் ஃபேனின் இறக்கை அசைந்தது. எதிர்வீட்டு டிவி அலறியது. கரண்ட் வந்துவிட்டது. மெயின் சுவிட்ச் அவள் தலைக்கு நேரே இருந்தது. தொட்டியை ஒரு பார்வை பார்த்தாள். குளிர்ந்த தண்ணீர், நிதானமாக நீந்தும் மீன்கள், மேலே இரண்டு ஆள் கையால் காற்று. கையைத் தூக்கி மெயினைக் கீழே தள்ளினாள். இறக்கை அரைச் சுற்றில் நின்றது.

"கரண்ட் வந்துடுச்சா?" என்றார் மெக்கானிக், தலையைத் திருப்பாமல்.

"எதிர் வரிசைக்கு மட்டும் வந்திருக்கு போல. நம்ம பக்கத்துக்கு இன்னும் அரை மணி ஆகுமாம்."

"மெதுவா ஊத்துடா, என் மேல தெறிக்குது."

"தெறிச்சா என்ன அண்ணே, கரைஞ்சா போயிடுவே?"

அவள் அடுப்பைப் பற்றவைத்து, மூன்று பேருக்கு டீக்குப் பால் இருக்கிறதா என்று பாத்திரத்தைச் சாய்த்துப் பார்த்தாள். இருந்தது.